கட்டுக்குள் இருந்த பணம்

ரேணிகுண்டாவில் மாங்காய் லாரியில் சுமை ஏற்றும்போது விழுந்ததில் என் மணிக்கட்டு கோணிக்கொண்டது. ரயிலேறிப் புத்தூரில் இறங்கி, சந்துக்குள் எலும்பு கட்டும் ஒரு வைத்தியரிடம் போனேன். என் கூலியை மேஸ்திரி போனில்தான் போடுவார்; கையில் நோட்டு கிடையாது. எனக்கும் அது வசதி. வீடில்லாதவன் நோட்டை எங்கே வைப்பது?

அந்த வாரம் ஊரெல்லாம் வதந்தி. போனில் வாங்கும் பணத்துக்கு வரி வரப்போகிறது என்றார்கள். இல்லை, பெரிய நோட்டுதான் செல்லாது என்றார்கள் வேறு சிலர். எது நிஜமென்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர்கள் ஸ்கேன் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஏடிஎம்கள் காலி. பணத்தை எடுத்தவர்களும் செலவழிக்காமல் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியரும் அப்படித்தான். "போன் காசுலாம் வாணாம்ப்பா. நோட்டு கொண்டா."

"வீங்கிக்கினே போவுது சாமி."

"இறுகிட்டா இழுத்து வெக்க முடியாது. சீக்கிரமா பாரு."

பக்கத்தில் நகரியிலிருந்து வந்த விசைத்தறிக்காரர், கால் கட்டு மாற்றக் காத்திருந்தார். அவரிடம் கேட்டேன். "அண்ணா, நோட்டு குடு. போன்ல போட்டுடறேன்."

"போன்ல கீற காசு நாளைக்கி எவன் கையில இருக்குமோ! அதுவும் எங்கிட்ட ஏது நைனா நோட்டு?"

வைத்தியர் அவருடைய பழைய கட்டைப் பிரித்தார். மூங்கில் பத்தைக்கு அடியிலிருந்து நோட்டுகள் வந்தன. முட்டையும் பச்சிலையும் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"கால் கட்டச் சொன்னா பேங்கு கட்டிக்கினியாய்யா?" என்றார் வைத்தியர்.

"வூட்ல வெச்சா மச்சான் எடுத்துடுவான். இங்க எவன் கை வெப்பான்?" என்று சிரித்த விசைத்தறிக்காரர், ஒரு நோட்டை உரித்துப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஐயோ, இத எவன் வாங்குவான்?" அவர் பார்வை என் போனுக்கு வந்தது. "தம்பி, இன்னாமோ சொன்னியே?"

அவர் மனசு மாறுவதற்குள் போனில் அனுப்பிவிட்டேன். பச்சிலைச் சாறு ஏறிய நோட்டுகளை வாங்கி வைத்தியரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"எங்க பச்சிலதானே" என்று துணிக்கொடியில் காயப்போட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

"காசு வந்துடுச்சி" என்றார் விசைத்தறிக்காரர், தன் போனைப் பார்த்தபடி. உடனே அவருக்குக் கவலை வந்துவிட்டது. "தம்பி, இத எங்க போயி நோட்டா மாத்தறது?"

பதில் சொல்லத் திரும்பினேன். அதற்காகவே காத்திருந்ததுபோல் வைத்தியர் சுண்டி இழுத்தார். நான் போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எலும்பு உட்கார்ந்துவிட்டது.