எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் சின்ன வண்டி

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிகிற நேரம். சோற்றை வடித்துவிட்டு ஆணத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருமினார்கள். திரை இடுக்கில் பார்த்தால் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார். வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இருக்காங்களாம்மா?" என்றார்.

"தொழுவப் போனவங்கதான் இந்த வீட்டு ஆம்பளை. இப்ப வந்துருவாங்க" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. தொழுது முடித்து இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தவர் அதன் பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

மச்சானை, என் வீட்டுக்காரரை, கொண்டுவந்து கிடத்தினார்கள். அன்றைக்கே எடுத்துப்போய் அடக்கியும் ஆகிவிட்டது. அவருடைய கார் வண்டி மட்டும் பள்ளிவாசல் மதிலோரம் நின்றது. மறுநாள் நாலைந்து பேர் சாவியோடு போனார்கள். பின்பக்கம் எடுக்கிற கியர் எப்படி விழும் என்று யாருக்கும் பிடிபடவில்லையாம். கியர் தண்டின் கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறது, அதை விரலால் தூக்கிப் பிடித்தால்தான் விழும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அத்தனை சத்தம் போடுகிற வண்டி அன்றைக்கு ஊமையாக வந்து சேர்ந்தது.

மச்சானை அறிந்த எல்லாருக்கும், ஊரில் இருப்பவர்களுக்கும் சபுரென்று வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போயிருப்பவர்களுக்கும், இதை எழுதுகிறேன். நெய்னா முகம்மது என்றால் உங்களுக்கு அந்த வண்டிதான் முதலில் ஞாபகம் வரும். கருநீல நிறம். சின்னது, தரையோடு தரையாகக் கிடக்கும், பின்னால் இரண்டு புகைக்குழாய். கடைத்தெருவில் மெதுவாகப் போனாலே கேட்பவர்களுக்கு வயிறு அதிரும். சின்னப் பையன்கள் ஓட்டுகிற வண்டியை இந்த வயதில் வாங்கிக்கொண்டு ஷோக்குப் பண்ணுகிறார், ஊரைச் சுற்றுகிறார் என்று பேசிக்கொண்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் வெளியில் நின்று பார்த்தீர்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வந்தவருக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டார்கள். தனி அறை, தனிக் கோப்பை, மீனில் நடுத்துண்டு. ஆனால் அவரை யாரும் ஒரு வேலை ஏவ மாட்டார்கள். மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பினார்கள் என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்கே இழுக்கு. என் உம்மா இதில் ரொம்பக் கறார். மச்சானுக்கு முன்னால் வந்து நிற்கவே மாட்டார். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, "பசியாறிட்டாங்களான்னு கேளு" என்று என்னிடம்தான் சொல்வார்.

மச்சான் சபுரில் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகிற பஸ் ஓட்டினார். அந்த பஸ்ஸில் வேகத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பார்களாம். எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகாதாம். பாலைவன ரோட்டில் சின்னச் சின்ன வண்டிகள் விர்ரென்று தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் காலம் ஓடியது. லீவில் வந்தால் இங்கே நாற்காலியில் உட்கார வைத்து ஃபேனைப் போட்டுவிடுவோம். "அங்க வண்டிக்குப் பூட்டு, இங்க எனக்குப் பூட்டு" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

ஒரேயடியாக ஊருக்குத் திரும்பிய பிறகு அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்த வீட்டில் யாராவது அவர் முகத்தைப் பார்த்து, இதை வாங்கிட்டு வாங்க, அதைக் கொண்டுபோய்க் கொடுங்க என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டுக் கிடைத்தால் அது இன்னொரு உபசாரம் ஆகிவிடும்.

அப்போதுதான் வண்டி வாங்கினார். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், ஏழு பேர் உட்காருகிற வண்டியாக எடுத்திருக்கலாமே, வீட்டில் இத்தனை பெண்கள் இருக்கிறார்களே என்று ரொம்பக் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏழு பேர் வண்டி எடுத்தா ஒரே நடையில எல்லாரும் போயிருவாங்க காக்கா. அப்பறம் எனக்கு என்ன வேலை?" என்றார் மச்சான்.

எல்லாரும் விளையாட்டு என்று நினைத்தார்கள்.

நம் ஊரில் அந்த வண்டிக்கு ஓட இடம் ஏது? வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு, தெற்கே போனாலும் தமிழ்நாடு. கடைசி கியர் போடுவதற்குள் காரைக்கால் தீர்ந்துபோகிறது என்பார். சனிக்கிழமை திருநள்ளாற்றுப் பக்கம் போனால் கோயிலுக்கு வருகிற கூட்டத்தின் பின்னால் வண்டியும் நடந்துதான் போகும். வேகத்தடையில் நேராக ஏறினால் அடி தட்டும் என்று ஒருக்களித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்துவார். "பொறுங்க தம்பி, வண்டி புள்ளத்தாச்சி" என்று ஜன்னல் வழியாகச் சொல்வார் மச்சான்.

முதல் வேலை மீனில் தொடங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு விருந்தாட்கள் வருகிறார்கள், மீன் கொண்டுவருகிற அம்மாவைக் காணோம். உம்மா சமையல்கட்டில் சுவரைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். மச்சான் காதில் விழுந்துவிட்டது. சாவியை எடுத்தார். தெரு முழுக்க அதிர வண்டி கிளம்பியது. ஃபைபர் படகுகள் கரையேறுகிற நேரத்துக்குக் கிளிஞ்சல்மேட்டில் போய் நின்றிருக்கிறார். திரும்பி வந்து கொல்லை வாசல் பக்கம் வண்டியை விட்டு டிக்கியைத் திறந்தார். கொடுவா, இன்னும் கண் மங்காதது. உம்மா பதறிப்போய், மாப்பிள்ளையை மீன் வாங்க விட்டோம் என்று ஊர் பேசுமே என்று என்னிடம் முணுமுணுத்தார். மச்சான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"ஊரு வண்டி போற சத்தத்தத்தான் கேக்கும் மாமி. டிக்கியில என்ன இருக்குன்னு யாரு பாத்தா?"

அதிலிருந்து அப்படியேதான் நடந்தது. ஷோக்குக்குச் சுற்றுகிறார் என்று நீங்கள் சொன்ன நாட்களில் அந்த டிக்கியில் மீன் இருந்தது, கோதுமை மாவு இருந்தது, உம்மாவின் மாத்திரை, என் தங்கச்சி பிள்ளைகளின் ஸ்கூல் பை, ஒரு தடவை ஆட்டுக்கால் கூட. மீன் தண்ணீர் வடிந்து ஒரு வாரம் வண்டிக்குள் உட்கார முடியவில்லை. மிதியடி எல்லாவற்றையும் கழற்றி மொட்டை மாடியில் காயப் போட்டார். கோபமே வரவில்லை. மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்கி டிக்கியிலேயே வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

உம்மாவுக்கு முட்டிவலி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்த வண்டியில் ஏறினார். இருக்கை எவ்வளவு தாழ்வு என்று உங்களில் ஏறியவர்களுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்து இறங்கப் பார்த்தால் உம்மாவால் எழ முடியவில்லை. நான் பின் இருக்கையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் சுற்றி வந்து கதவைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினார். உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"கெணத்துக்குள்ள எறக்கி வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார்.

"தூக்கி விடத்தானே மாமி நான் இருக்கேன்" என்றார் மச்சான்.

உம்மா அவர் கையைப் பிடித்தார். எனக்குக் கல்யாணம் ஆகி, என் மகளே கல்யாணத்துக்கு நிற்கிற வயதுக்கு வந்த பிறகு, அன்றைக்குத்தான் முதல் தடவை. உயரமான வண்டியாக இருந்திருந்தால் அந்தக் கையைப் பிடிக்கவே தேவை வந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மச்சான் தன் உள்ளங்கையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் உம்மா நேருக்கு நேர் ஒன்றும் சொன்னதில்லை. சுவரிடம்தான் சொல்வார். "மாத்திர தீந்து போச்சு" என்பார், யாருக்கோ சொல்வதுபோல. மச்சான் கேட்டுக்கொண்டு கிளம்புவார். "ஒங்க உம்மா செவுத்துக்கிட்ட சொல்லுறாங்க. ஒரு நாளைக்கு என்கிட்ட சொல்லட்டும் பாரு, சென்னைக்கே ஆனாலும் போய் வாங்கியாறேன்" என்பார் என்னிடம்.

கல்யாண வீடுகளுக்குப் போவதென்றால் மூன்று நடை. முதலில் உம்மாவும் பெரியவர்களும். அடுத்து தங்கச்சியும் பிள்ளைகளும். கடைசியில் நான் மட்டும். அத்தனை பேர் இருக்கிற வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியது குறைவு. எல்லாரையும் இறக்கிவிட்டு அந்தச் சத்தம் தெருவுக்குள் நுழையும்போது நான் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். சின்ன வண்டி ஏன், வேகமான வண்டி ஏன் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அவர் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த எஞ்சின் வாரத்தில் ஒரு நாளாவது நீளமாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கரி படியும் என்பார். நிஜமோ, சாக்கோ. விடியக்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு சுரக்குடி வழியாக அம்பகரத்தூர் பக்கம் விடுவார். மார்கழியில் வயலிலிருந்து பனி எழும்பி ரோட்டின் மேல் வந்து நிற்கும். முன்விளக்கு வெளிச்சம் அதற்குள் போய்க் கரையும். அந்த இருக்கை இரண்டு பக்கமும் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் போகிறோமா, வயல்தான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்று தெரியாது. மடையில் தண்ணீர் விழுகிற சத்தம் பக்கத்தில் வரும், வந்த மாதிரியே போய்விடும். பனிக்குள்ளிருந்து ஒரு கொக்கு கிளம்பி மறுபடி பனிக்குள்ளேயே போகும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். சபுருக்குப் போனதும் வந்ததும் எல்லாம் யாரோ சொன்ன கதைபோலத் தோன்றும்.

ஒரு நாள் பனி விலகி ரோடு நீளமாக, ஆள் அரவம் இல்லாமல் கிடந்தது. "புடிச்சுக்க ஜொஹரா" என்றார். மிதித்தார். முதுகை யாரோ இருக்கையோடு வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. பச்சை எல்லாம் ஒரே கோடாக ஆனது. கொஞ்ச தூரம்தான். காலை எடுத்துவிட்டு, பயந்துட்டியா என்று கேட்டார். "இன்னொரு தடவ" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. திரும்புவதற்காக என் கையை எடுத்து அந்த வளையத்தின் மேல் வைத்து, தூக்கு என்றார். தூக்கினேன். வண்டி பின்னால் போனது. அப்படித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் உடனே இறங்க மாட்டார். ஓடிய எஞ்சின் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். யாரோடும் கோபமா என்று தங்கச்சி கேட்பாள். கோபம் இல்லை. அந்த வீட்டில் அவர் வாங்கி, அவர் கதவைத் திறந்து, அவரே மற்றவர்களை வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்த இடம் அது ஒன்றுதான்.

இப்போது நான் மச்சானுக்காக இத்தாவில் இருக்கிறேன், அந்த நாள் முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போவதற்கில்லை. வண்டி வாசலில் தூசி படிந்து நிற்கிறது. விற்றுவிடலாமா, யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. என் மகளின் மாப்பிள்ளை ரியாஸ் மவுத்துக்காகச் சபுரிலிருந்து வந்தவர், லீவை நீட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறார். நல்ல பிள்ளை. கூடத்து நாற்காலியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். போன வாரம் டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்த்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் பார்த்த பார்வை எனக்கு ரொம்பப் பழக்கமானது.

உள்ளே போனேன். ஊற வைத்து உலர்த்தி எடுத்த அரிசி ஒரு டின் நிறைய இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாப்பிள்ள, மில்லுல குடுத்து இடியாப்பத்துக்கு மாவு அரச்சிட்டு வாங்க" என்றேன்.

என் மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. தங்கச்சி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரியாஸ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவ்வளவு வேகமாக எழுந்ததில் நாற்காலி பின்னால் நகர்ந்துபோனது. எந்த மில் என்று கேட்டார், அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். சாவியைக் கொடுத்தேன், வளையத்தைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தேன். பட்டப்பகல், தெரு பார்க்க, டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அப்போது திரை விலகியது. உம்மா வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.

"மாப்புள்ள" என்று கூப்பிட்டார். ரியாஸ் திரும்பிப் பார்த்தார். "நைசா அரைக்கச் சொல்லுங்க. போன தடவ கொரகொரன்னு இருந்துச்சு."

நான் உள்ளே போய் மச்சானின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவர் காதில் விழுந்திருக்க வேண்டிய வார்த்தை அது.

அவர் விட்டுப்போனதை மார்க்கப்படி பாகம் பிரிப்பார்கள். வண்டியும் யாருக்கோ ஒருவருக்குப் போகும், போகட்டும். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது பாகத்தில் வராது. இந்த வீட்டுக்கு வருகிற ஆண்பிள்ளையை உட்காரச் சொல்வதற்கு முன்னால், அவருக்கு ஒரு வேலை சொல்கிற வாய். அது இனி என்னுடையது.