ஒரு சிறகு குட்டையான டக்கோட்டா

எங்கள் பக்கத்தில் ஜன்னல் கடகடவென்று ஆடும் பஸ்ஸைப் பார்த்தால் டக்கோட்டா வண்டி என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டக்கோட்டா என்பது மூக்கின் இரு பக்கமும் காற்றாடி சுழலும் பழைய பயணிகள் விமானம். என் அப்பா வாலிபனாக இருந்த காலத்தில் தயாரானவை இன்னும் ஏதேதோ தேசங்களில் சாமான் ஏற்றிக்கொண்டு பறக்கின்றன. உங்கள் பஸ் அத்தனை காலம் ஓடுமா என்று பூதப்பாண்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டே விட்டேன். அவர் என்னை உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்.

இத்தனை பேசும் நான் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. டக்கோட்டாவை நேரில் பார்த்ததுகூட ஒரே ஒருமுறைதான், ஒரு கண்காட்சியில், கயிறு கட்டித் தள்ளி நிற்கவைத்த கூட்டத்தோடு. வால் தரையில் படிய, மூக்கை உயர்த்தி, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவரைப் போல நின்றது. அன்றைக்கு அதன் அழகில் விழுந்த நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பேச நேரமும் கூடிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை, என் மனைவியைத் தவிர.

அவளும் முழுதாகக் கேட்டதில்லை. எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. யுத்த காலத்தில் குண்டு விழுந்து ஒரு டக்கோட்டாவின் ஒரு சிறகு போய்விட்டது. மாற்றுச் சிறகு கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ரகத்து விமானத்தின் சிறகு ஒன்று இருந்தது, அது அளவில் குட்டை. அதையே மாட்டினார்கள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, அப்படியே பறந்தது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அடுப்பில் பால் பொங்கும், அல்லது பொங்கப்போவதாக அவளுக்குத் தோன்றும். எழுந்து போய்விடுவாள்.

எழுந்து போவதே பெரும்பாடாகிவிட்டது பிறகு. அவளுடைய வலது முழங்கால் மூட்டு தேய்ந்துபோயிற்று. வடசேரிச் சந்தைக்குத் தானே போய் ஒவ்வொரு வெண்டைக்காயையும் நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள், என்னை அனுப்பிவிட்டு நாற்காலியில் இருந்தபடி நான் வாங்கி வந்ததை ஒடித்துப் பார்த்தாள். மஸ்கட்டில் இருக்கும் மகள் வா வா என்று கூப்பிட்டும் போக முடியவில்லை. மூட்டை மாற்றினால் நடக்கலாம் என்றார் டாக்டர். அவள் பயந்தாள். எனக்கு அவளைவிடப் பயம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். ஆபரேஷன் முடியும்வரை சபையில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் ஜெபிக்க வருவார்கள், ஜெபத்துக்கு முன்னால் யார் யாருக்கு என்னென்ன ஆயிற்று என்று சொல்வார்கள்.

ஜெபம் இல்லாமல் கத்திக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் புதுப் போதகரிடம் டக்கோட்டாவைப் பற்றியும் மஸ்கட்டில் இருக்கும் மகளைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிட்டு, வீட்டுக்காரி ஒரு பெரிய காரியமாகப் போகிறாள், நல்லபடியாகப் போய்த் திரும்பவேண்டும், ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொன்றும் கேட்காதீர்கள் என்று சொன்னேன். மிகவும் சாமர்த்தியமாகச் சொன்னதாக நினைப்பு.

அடுத்த ஞாயிறு அவர், மகளைப் பார்க்கத் தூர தேசம் புறப்படும் சகோதரியின் ஆகாயப் பயணத்துக்காகச் சபையாரோடு சேர்ந்து உருக்கமாக ஜெபித்தார். பக்கத்தில் இருந்த அந்தச் சகோதரி, அதாவது என் மனைவி, என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

எங்கள் ஊரில் ஒருவர் வளைகுடாவுக்குப் போகிறார் என்றால் அவருடைய பெட்டி அவருடையது அல்ல. சாயங்காலத்துக்குள் முந்திரிக்கொத்து வந்தது, நேந்திரங்காய் வற்றல் வந்தது, முட்டத்து நெத்திலிக் கருவாடு நாலு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்தும் தன் வரவைச் சொல்லிக்கொண்டு வந்தது. எல்லாம் அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு. ஒருவர் மகன் துபாயில் இருக்கிறான். மஸ்கட்டிலிருந்து எட்டிக் கொடுத்துவிடலாமே என்றார்.

என் மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். சேலையை முழங்கால்வரை விலக்கி வீங்கிய மூட்டைக் காட்டி, போகிற இடம் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டாள். கொடுத்ததைத் திருப்பி வாங்க யாருக்கும் கை வரவில்லை. உட்கார்ந்தார்கள். அவள் பயந்தபடியே தொடங்கிற்று. அஞ்சுகிராமத்துப் பக்கம் ஒருத்திக்கு மூட்டு மாற்றியபின் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டையாகிவிட்டதாம். அதன்பிறகு ஜெபித்தார்கள். ஆமென் சொல்லும்போது அவள் முகம் வெளுத்திருந்தது.

அவர்கள் போனதும் ஆபரேஷன் வேண்டாம் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வாய், போதகர் வாய், அஞ்சுகிராமத்துக்காரியின் கால் எல்லாவற்றின் மேலும் கோபம். முதல்முறையாக விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்தேன்.

காலையில் காப்பி போட்டுக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து நீட்டி, பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த விமானத்துக்கும் ஒரு செறகு குட்டைன்னுதானே சொல்லுவிய?"

ஆமாம் என்றேன்.

"பறந்தது வரைக்கும் கேட்டிருக்கேன். நல்லபடியா எறங்கிச்சா?"

இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. காப்பி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சேதாரமில்லாம எறங்கிச்சு. பெறவும் பறந்துச்சு."

காப்பியை முழுதாகக் குடித்தாள். டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள்.

வற்றலும் முந்திரிக்கொத்தும் வார்டு முழுக்கப் பங்கிட்டுத் தீர்ந்தன. கருவாட்டை நர்சம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். கால்கள் இரண்டும் ஒரே அளவுதான். டாக்டர் சொல்லியும் நம்பாமல் என்னை அளக்கச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் வெண்டைக்காய் ஒடிக்கச் சந்தைக்குப் போனாள், நான் பையோடு பின்னால்.

போன மாதம் மெய்யாகவே மஸ்கட்டுக்குப் புறப்பட்டோம். அதே வீடுகளிலிருந்து அதே பொட்டலங்கள் வந்தன. திருவனந்தபுரத்தில் பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் அருகே இறக்கிவிட்டார்கள். காற்றாடி இல்லாத புது விமானம். படிக்கட்டு செங்குத்தாகத் தெரிந்தது. டக்கோட்டாவின் ஒவ்வொரு ஆணியையும் பற்றிப் பேசத் தெரிந்த எனக்குக் கால் நகரவில்லை. புது மூட்டோடு இரண்டு படி ஏறியிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். என் பயம் புரிந்திருக்கவேண்டும். அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர்களைக் காக்கவைத்து, வெண்டைக்காயைப் பார்க்கிற அதே கவனத்தோடு இடப்பக்கமும் வலப்பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு செறகும் ஒரே நீளந்தான். பேடிக்காம ஏறுங்க" என்று கையை நீட்டினாள்.