மீனுக்குக் கொடுத்த சீர் அண்டா

மகளுக்குக் கல்யாணச் சீர் அனுப்பியபோது எல்லாப் பாத்திரமும் அனுப்பினேன், ஒரு செப்பு அண்டாவைத் தவிர. அவளும் விடாமல் இரண்டு கடிதம் எழுதிக் கேட்டாள். "அது மீன் அண்டா, தரமாட்டேன்" என்று பதில் போட்டேன். அவள் மாமியார் வீட்டில் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை.

அந்த அண்டா என் அப்பச்சி, என்னைப் பெற்ற தகப்பனார், எனக்குக் கொடுத்த சீர். விளிம்பில் என் பெயரின் முதலெழுத்துகளை உளி வைத்துக் கொத்தியிருக்கும். சீர்ப் பாத்திரங்களை நாங்கள் அடுப்படியில் புழங்குவதில்லை. அறையில் அடுக்கி வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவோம். பெண் வளர்ந்ததும் அது அவளோடு போகும். இப்படிப்பட்ட பாத்திரத்தை எடுத்து நான் மீனுக்குக் கொடுத்தேன் என்றால், அப்போது என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகள் பிறந்திருந்த நேரம். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் அவுகளோடு நான் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறாது. அவுகளுக்குப் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வருவார்கள், நாலைந்து மாதம் இருப்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் வழக்கப்படி கல்யாணமானதுமே அதே வீட்டில் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து எங்களை வேறு வைத்துவிட்டார்கள். அடுப்பு இருந்தது, நான் இருந்தேன், மகள் பிறந்தாள். அவுகதான் இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அவுகளுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்கள். கையில் ஒரு பெட்டி, ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஆறு மீன்கள். எட்டு மீன் கப்பலேறினவாம். வழிநெடுகத் தண்ணீர் மாற்றி மாற்றி, நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் மாறிக் காரைக்குடி வருவதற்குள் இரண்டு போய்விட்டன.

டிஸ்கஸ் என்று பெயர் சொன்னார்கள். வட்டமாக, அப்பளம் போலத் தட்டையாக இருக்கும். பழுப்பு உடம்பு, முகத்திலும் முதுகோரத்திலும் நீல வரி. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பினாங்கிலிருந்து, அதே வீட்டில் இன்னொரு அறையில் இருந்த என் ஓரகத்தியின் வீட்டுக்காரர் தைக்கிற மிஷின் கொண்டுவந்தார், எதிர்வீட்டுக்காரர் ரேடியோ கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் மீன் கொண்டுவந்தார், அதுவும் குழம்பு வைக்க ஆகாத மீன். அன்று எனக்கு வந்த எரிச்சலை மறைக்கப் படாத பாடு பட்டேன்.

லேத் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, எங்கள் அறை வாசலில் தொட்டி வைத்தார்கள். அப்புறம் அவுகளுக்கு அதுதான் உத்தியோகம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பருப்பு வேகுமா?" என்று என்னிடம் கேட்டார்கள். வேகாது என்றேன். "அப்ப மீனும் பிழைக்காது" என்றார்கள். ஆகவே நான் குடம் குடமாகக் கொண்டுவந்த ஊருணித் தண்ணீர். அதைப் பின்கட்டில் இருந்த பழைய கல்தொட்டியில் ஊற்றி வைத்து, வாதாங்கொட்டை மரத்துச் சருகைப் போட்டு ஊறவிடுவார்கள். தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வரும். தினமும் மீன் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்ற வேண்டும். தீனிக்கு மண்புழுவை நறுக்கிப் போடுவார்கள். டப்பாவும் துணியுமாகத் தேங்கின குட்டையெல்லாம் தேடிப்போய்க் கொசுப்புழு அள்ளி வருவார்கள். ஊரே கொசுவை விரட்டிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் தேடிப்போனார்.

மீனைப் பார்த்துப் பேசுவார்கள். எங்களோடு பேச்சு குறைவு. சண்டை கிடையாது, கோபம் கிடையாது. காபி கொடுத்தால் "நல்லாருக்கு". உப்பு மறந்த சாம்பார் ஊற்றினாலும் "நல்லாருக்கு". விருந்துக்கு வந்தவரிடம் எப்படிக் குறை கேட்பது? ஒன்பது வயது மகள் ஒருநாள் அடுப்படியில் வந்து கேட்டாள். "ஆத்தா, அப்பச்சி எப்பப் போவாக?" வருகிறவர் போவார் என்பதுதான் அவள் கண்டது. எனக்கும் அதே பயம்தான். அவுக பெட்டி இன்னும் பிரித்து அடுக்கப்படாமல் கட்டிலுக்கடியிலேயே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மழைத் தண்ணீர்தான் இந்த மீனுக்கு அமிர்தம் என்று அவுக கல்தொட்டியைத் தூக்க ஆள் தேடினார்கள், முற்றத்துத் தாழ்வாரத் தண்ணீரைப் பிடிக்க. அப்போதுதான் ஓரகத்தி தன் அறை வாசலிலிருந்து சிரித்தாள்.

"மாடு குடிச்ச தொட்டியிலயா? பினாங்கு மீனுக்கு அம்புட்டுத்தானா மருவாதி?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளே போனேன், அறையைத் திறந்தேன், சீர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து தாழ்வாரத்து மூலையில் வைத்தேன். அதற்கு முன் புளி போட்டு உள்ளும் புறமும் துலக்கினேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவள் நான். மீனுக்கும் உடம்புதானே? அவுக அண்டாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "நல்லாருக்கு" என்றார்கள்.

மழைத் தண்ணீர் நிறைந்தது. சருகை அதிலேயே போட்டு ஊறவைத்தார்கள். தினமும் அதிலிருந்து மொண்டு ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அண்டாவின் வெளிப்பக்கத்தை நான் துலக்கிவிடுவேன். பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மீன்கள் தீனி எடுக்கவில்லை. உடம்பு கறுத்தது. அந்த மீனுக்கு மனசு சரியில்லையென்றால் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாகக் கறுப்புப் பட்டைகள் தெரியும். ஆறும் பட்டை போட்டுக்கொண்டு ஒரு மூலையில் ஒட்டி நின்று, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. பிறகு ஒன்று செத்தது.

அவுக அதைக் கையில் எடுத்தார்கள். "இந்த ஊரு இதுகளுக்கும் ஆகலை" என்றார்கள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, தொட்டியைப் பார்த்துச் சொன்னார்கள். மறுநாள் மதராஸில் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் பங்காளி ஒருவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். கணக்கெழுத ஆள் வேண்டுமென்று அவர் சொல்லியிருந்தாராம். மீன் போனால் மனுஷரும் போய்விடுவார் என்று அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அண்டாவில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் படாத விளிம்போரம் பச்சையாகக் களிம்பு. தண்ணீர் நின்ற இடமெல்லாம், நான் தொடாத இடம், அன்றுதான் புளி போட்டுத் தேய்த்தது போலச் சிவந்து பளபளத்தது. புளி போடாமல் செம்பு எப்படிப் பளபளக்கும்? விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். பழைய காலணாவைச் சப்பியது போலக் கசந்தது.

ஈயம் பூசாத பாத்திரத்தில் மோர் வைக்கக்கூடாது, புளிக்குழம்பு வைக்கக்கூடாது, களிம்பேறி விஷமாகும். அடுப்படிக்குள் கால் வைத்த நாள் முதல் தெரிந்த சங்கதி. மழைத் தண்ணீரில் சருகு ஊறி ஊறி அதுவும் ஒரு புளிப்புத் தண்ணீராகியிருந்தது. கவுரவத்துக்காக நான் எடுத்துக் கொடுத்த அண்டா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மீன்களுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தது.

நான் உத்தமியில்லை. முதலில் வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். அண்டா ஓட்டையாகிவிட்டது என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மழைத் தண்ணீரே ஆகவில்லை, ஊரே ஆகவில்லை என்று அவுக மனசில் விழுந்துவிட்டதே. நான் சொல்லாவிட்டால் பழி ஊர் மேல் நிற்கும், அவுக மதராஸில் நிற்பார்கள். நேரே போய் நின்று சொன்னேன்.

"ஊரு மேலயும் தப்பில்ல, தண்ணி மேலயும் தப்பில்ல. என் அண்டாதான்."

அவுக எழுந்து போய் அண்டாவைப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. பதினோரு வருஷத்தில் நான் பார்க்காத முகம்.

"யாரு கேட்டா ஒன்ட்ட அண்டா? நான் கேட்டேனா?"

அவ்வளவுதான், எனக்கும் கோபம் பிடித்துக்கொண்டது.

"நீங்க எதத்தான் கேட்டீக? சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு சொல்லியிருக்கீகளா? எதக் குடுத்தாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு! எது ஒங்களுக்குப் புடிக்கும்னு எனக்கு என்ன தெரியும்? என்ட்ட இருந்ததுலயே ஒசந்தத எடுத்துக் குடுத்தேன். பெத்த மகளுக்குன்னு வச்சிருந்தத!"

வீடே கேட்டிருக்கும். ஓரகத்தி அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. மகள் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவுக குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்கு நடந்தார்கள். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை குடம் தூக்கி ஊர் பார்த்தது அன்றுதான்.

பழைய கல்தொட்டியிலேயே தண்ணீர் நிறைந்தது. ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று வேளைக்குக் கொஞ்சமாக மாற்றினோம். அவுக மொண்டு கொடுக்க நான் ஊற்றினேன். இன்னொன்றும் செத்தது. நான்கு நின்றன. நாலைந்து நாளில் கறுப்புப் பட்டை மங்கியது. ஒன்று மூலையை விட்டு வந்து கொசுப்புழுவைக் கொத்தியது. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை காபி கொண்டுபோய் வைத்தேன். அவுக ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"சீனி பத்தலை."

எனக்கு முதலில் புரியவில்லை. அவுகளே சொன்னார்கள்: "எப்பவுமே பத்துறதில்ல."

பதினோரு வருஷமாக வரும்போதெல்லாம் அரைச் சீனிக் காபியைக் குடித்துவிட்டு நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறார் மனுஷர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டம்ளரை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், அவள் பாட்டுக்கு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள், இந்த முறை நேராக அவுகளிடமே.

"அப்பச்சி, நீங்க எப்பப் போவீக?"

நான் அப்படியே நின்றேன். அவுக தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் போயிட்டா இதுகளுக்கு யாரு தண்ணி மாத்துறது? ஒங்க ஆத்தாளா? அண்டாவுல புடிச்சு ஊத்திப்புடுவா."

என்னை அவுக கேலி செய்தது அதுதான் முதல் தடவை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கோபம் வந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய், இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொண்டுவந்தேன்.