சித்தப்பா கொண்டுவந்த முடி

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு கணினியைப் போல முடிவெடுக்கும் சுற்றுகள் செய்கிறேன். சின்னமனூரில் என் வீட்டார் அதை 'டி.என்.ஏ. டெஸ்ட்' என்றே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்கள்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் கவரை என் முன்னால் வைத்தார். உள்ளே அவருடைய முடியும், கைக்குழந்தையின் முடியும் தனித்தனிப் பொட்டலமாக இருந்தன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தி பக்கத்திலேயே நின்றாள். அவர் கறுப்பு, குழந்தை சிவப்பு. சந்தேகம் அவ்வளவுதான்.

"பாத்துச் சொல்லு பாப்பா. வெளிய குடுத்தா மானம் போயிரும்."

"நான் செய்யிறது அது இல்ல சித்தப்பா."

முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். எங்கள் இழைகள் மனிதர்களிடம் எடுத்தவை அல்ல, கம்பெனியில் செய்து வருபவை. பொருத்தமான இழைகள் குழாய்க்குள் தாமாகவே ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்ளும். நாங்கள் குறித்த இரண்டு இழைகளும் வந்தால் குழாய் ஒளிரும். ஒன்று குறைந்தாலும் இருட்டுதான்.

"அதத்தான் நானும் கேக்குறேன். ரெண்டு முடியையும் போடு. எரியுதா பாப்போம்."

"எரியாது சித்தப்பா. யாரு முடியப் போட்டாலும்..."

அவர் முழுதாகக் கேட்கவில்லை. சித்தியின் பக்கம் திரும்பினார். "எரியாதாம். கேட்டியாடி? படிச்ச புள்ளையே சொல்லிருச்சு."

நான் கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "அது அவன் குடும்பம். நீ உள்ள போ."

சித்தியின் துணிமணிகள் தெருவில் விழுந்தன. அன்று மாலையே குழந்தையோடு ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்கினேன். "சித்திக்காகப் பொய் சொல்ற" என்றார்கள்.

பிறந்த வீட்டில் தறி நெய்தபடியே சித்தி கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட் சொல்லி எடுத்த பரிசோதனையில் பிள்ளை சித்தப்பாவுடையதுதான் என்று வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி, அவரோடும் அப்பாவோடும் நானும் காரில் ஆண்டிபட்டிக்குப் போனேன்.

வாசலில் நின்றபடியே சித்தப்பா சொன்னார்: "புள்ள என்னோடது. அத மட்டும் குடு. நீ இங்கனயே இருந்துக்க."

சித்தி அவரைப் பார்க்கவில்லை. "நீ எதுக்கு வந்த?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

இப்போது அவர் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பரிசோதனை முடிவைத்தான் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார். அப்பா சாட்சி.