ஊறுகாய் போகாத நாடுகள்

உலகத்தை எப்படித் துண்டு போடுவது என்று தெரியாமல் அந்த வருடம் பல சாயங்காலங்கள் என் சாப்பாட்டு மேசையிலேயே இருட்டின. ஒருத்தி சாப்பிடும் வீட்டில் நாலு நாற்காலி போட்ட மேசை. ஒன்றில் நான். மற்றவற்றில் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று தாள்கள் உட்கார்ந்திருந்தன. மழை வந்தால் ஜன்னலைச் சாத்த எழுந்து போவேன். திரும்பி வரும்போது மின்விசிறிக் காற்றில் ஏதோ ஒரு கண்டம் தரையில் கிடக்கும்.

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. அந்தப் பாடத்துக்கு என்னைத் தவிர வேறு ஆளில்லை. மூன்றாம் படிவம் முடிக்கும் பிள்ளைகள் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள்; புவியியல் பக்கம் வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போனார்கள். பள்ளி முதல்வர், நல்ல மலாய்க்கார அம்மா, என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குவே பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தட்டு நகர்ந்ததுமே சேதி கெட்டது என்று தெரிந்துவிட்டது. இந்த முறை ஒரு வகுப்புக்குப் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் பாடத்தை மூடிவிடுவார்கள், எனக்கு மாற்றல் வரும். மூன்றாம் படிவத்துக்கு உலக வட்டாரங்கள் பற்றி ஒரு பாடத்தொகுதி எழுதி நடத்துங்கள், அதைப் பார்த்தாவது பிள்ளைகள் வரட்டும் என்றார். கடைசி வாய்ப்பு என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு குவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முதலில் கண்டங்களாகப் பிரித்தேன். பாடநூலே அதைத்தான் செய்கிறது, நான் எதற்கு? பிறகு தட்பவெப்பத்தால் பிரித்தேன். வெயிலும் மழையும் மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்குத் துந்திரா என்பது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பெயர். பிறகு ரப்பர். அமேசான் காட்டிலிருந்து கிளம்பி எங்கள் வாசல்வரை வந்த மரத்தின் வழியாகவே உலகத்தைக் காட்டிவிடலாம் என்று ஓர் இரண்டு நாள் காய்ச்சல்போல எழுதினேன். என் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, அதுவும் போய், இப்போது ஒரே மாதிரி வீடுகள். ஆனாலும் வழி கேட்டால் எங்கள் ஆட்கள் இன்னும் இத்தனையாவது கட்டை என்று மைல் கணக்கில்தான் சொல்வார்கள். மைல்கல்லைப் பிடுங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

எழுதியதை என் வகுப்பில் முன் வரிசையில் உட்காரும் வாயாடிப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். பாடம் மலாயில் நடக்கும். வகுப்புக்கு வெளியே எங்கள் பேச்சு தமிழில்.

"ரப்பர் மரமா டீச்சர்? நான் பாத்ததே இல்ல லா. எங்க தாத்தாவும் இப்படித்தான், வாயத் தொறந்தா ரப்பர் மரம். போரிங் லா."

அந்தத் தாள்களை அன்றைக்கே மடித்து மேசைக்காலின் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, காரின் சாலை வரியைப் புதுப்பிக்கத் தபால் நிலையத்துக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லார் கையிலும் பெட்டி. முறுக்கு வாசனையும் ஒட்டுநாடாவின் வாசனையும் கலந்து அந்தச் சின்னக் கூடத்தையே ஒரு கல்யாண வீடாக்கியிருந்தன. எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நீங்க டீச்சர்தானே? என்ன பாடம்?"

"புவியியல்."

"அட, நல்லதாப் போச்சு! மெல்பர்னுக்கு மாங்கா ஊறுகாய் போகுமா?"

தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. உலகப் படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்துகிறவளுக்கு மெல்பர்னின் சுங்க அதிகாரி ஊறுகாயை விடுவானா மாட்டானா என்று தெரியாமல் இருக்குமா? பின்னாலிருந்த ஓர் அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

"டீச்சர், துபாய்க்கு நெய் உருண்டை? போன வருசம் போய்ச் சேரும்போது கூழாயிருச்சு."

"உங்க உருண்டை இங்கயே கூழுதானே அண்ணே. வெயிலக் கொறை சொல்லாதீங்க" என்றார் அக்கா.

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பேச்சு என்னை விட்டுவிட்டுத் தானாகவே ஓடியது. சிங்கப்பூருக்குப் பெட்டி எதற்கு, பஸ் ஏறுகிறவன் கையில் கொடுத்தால் போதும். லண்டனுக்குப் போகும், ஆனால் முறுக்கு பொடியாகும். ஆஸ்திரேலியாவுக்குக் கறிவேப்பிலை என்று வாயைத் திறக்கவே கூடாது. அவர்கள் பேசப் பேச என் தலைக்குள் உலகம் வேறு மாதிரி வெட்டுப்பட்டது. வெயில், தூரம், எல்லை, சட்டம் எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இருந்தன.

என் முறை வந்தது. முகப்பில் இருந்தவர் என் கையைப் பார்த்து, பார்சல் எங்கே என்று கேட்டார். இல்லை என்று சொல்லிச் சாலை வரியைக் கட்டினேன்.

அன்று மாலையே மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை பேனா நிற்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து தூரமாய் இருக்கும் ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பண்டிகைக்கு எதை அனுப்பினால் கெடாமல், தடைபடாமல் போய்ச் சேரும் என்று தேட வேண்டும். பிறகு ஒரே மாதிரி நாடுகளைச் சேர்த்துத் தாங்களே வட்டாரங்களாக்கி, தாங்களே பெயர் வைக்க வேண்டும். வட்டாரம் என்பது பூமியில் வரைந்து கிடப்பதில்லை. எதைத் தேடுகிறோமோ அதற்குத் தக்கபடி நாம் கிழிக்கும் கோடு. இந்த ஒரு வரிதான் பாடம்.

வகுப்பு நடந்த அந்த வாரங்களில் புவியியல் அறைக்குத் திரும்பவும் உயிர் வந்தது. அங்கே குவித்துப் போட்டிருந்த பூப்பந்து வலைகளை ஒதுக்கிவிட்டு, மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் உலகம் வரைந்தார்கள். மலாய்ப் பிள்ளைகள் கெய்ரோவில் படிக்கும் அண்ணனுக்கு ரெண்டாங் கறி அனுப்பப் பார்த்தார்கள். சீனப் பிள்ளைகள் ஈப்போ வெள்ளைக் காப்பியைத் தைவானுக்கு அனுப்பினார்கள். 'ஊறுகாய் போகாத நாடுகள்' என்று ஒரு வட்டாரம். 'உருகும் வட்டாரம்' ஒன்று. ஒட்டினாற்போல் கிடக்கும் சிங்கப்பூருக்கு 'கையில் குடுத்து விடுற வட்டாரம்' என்று பெயர்.

வாயாடிப் பெண் ஆள் பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"டீச்சர், எங்க மச்சான் உல்லாசக் கப்பல்ல குக்கு. அவர எந்தக் கண்டத்துல ஒட்டுறது?"

"கடல்ல ஒட்டு" என்றான் ஒருவன். "முழுகிருவாரு."

சீட்டை நூலில் கட்டிக் கடலுக்கு மேலே தொங்கவிட்டார்கள். தினமும் வந்து நகர்த்தினாள்.

கனடா வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு சீட்டை ஒட்டினேன். என் தம்பி அங்கேதான் இருக்கிறான். அம்மா போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு, என்ன அனுப்பட்டும் என்று கேட்டேன். 'ஒண்ணும் அனுப்பாதீங்க அக்கா, இங்க எல்லாமே கிடைக்குது' என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நாங்கள் வாழ்த்துப் படங்களைக் கைப்பேசியில் அனுப்பிக்கொள்கிறோம். விளக்கு, மத்தாப்பு, யாரோ செய்த எழுத்து.

"அப்ப இதுக்கு என்ன வட்டாரம் டீச்சர்?" என்று கேட்டாள் வாயாடி.

"எல்லாம் கிடைக்கிற நாடுகள்."

"அலாமாக், நல்ல நாடு லா!" என்று பெரிய எழுத்தில் எழுதினாள். பக்கத்துத் தோழி மட்டும் எழுத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பசை டப்பாவின் மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுத்த தாள்கள் வந்தன. வந்த பிள்ளைகள் சந்தோஷமாய்த்தான் வந்தார்கள். போதவில்லை. வாயாடி கணக்கியல் எடுத்திருந்தாள். "சாரி டீச்சர், அப்பா விட மாட்டேங்கிறாரு. உங்க பாடம் செம லா, ஆனா வேல கெடைக்கணுமில்ல?" அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் வலித்தது. முதல்வர் மறுபடி குவே தட்டை நகர்த்தினார். எங்கள் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு பள்ளியில் புவியியலுக்கு ஆள் இல்லையாம்.

அறையைக் காலி செய்த நாள், பிள்ளைகள் மாஜோங் தாள் உலகத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் விரித்துப் பார்த்தேன். பேராக்கின் கீழ்ப்பக்கம், கடுகளவு இடத்தில், புதிதாக ஒரு சீட்டு: டீச்சர். அதிலிருந்து ஒரு கோடு இழுத்துச் சிங்கப்பூரோடு சேர்த்திருந்தார்கள். கையில் குடுத்து விடுற வட்டாரம்.

பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சுருட்டி வைத்துவிட்டேன்.

சிலிம் ரிவரில் எனக்கு வாடகை வீடு. இங்கேயும் ஒரு மேசை. நாற்காலி இரண்டுதான், அது ஒரு முன்னேற்றம். பின்கதவைத் திறந்தால் செம்பனை, அதற்கப்பால் செம்பனை. புதிய பள்ளியில் அதே பாடத்தொகுதியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன், சில பக்கம் அடித்து, சில பக்கம் சேர்த்து. வார இறுதியில் ஈப்போவுக்குப் போய்த் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கார்ச் சாவி கேட்கும். அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவேன்.

இந்தத் தீபாவளிக்கு முந்திய ஒரு மத்தியானம் வாசலில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. சரக்கு ஏற்றிவரும் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர் வீடுதானே? ஈப்போவுல எங்க அக்கா மக குடுத்து விட்டா. கணக்கியல் படிக்கிறாளே, வாயாடி."

பிஸ்கட் டின். உள்ளே முறுக்கு, ஒன்றுகூட உடையாமல்.

"சாப்பிட்டுப் பாருங்க, உப்பு தூக்கல்தான், அவளே சுட்டது" என்றார். லாரியை எடுக்கப்போனவர் திரும்பினார். "அப்புறம் டீச்சர், டின்னு எங்க அக்காவோடது. வேணுமாம். அடுத்த வாரம் வாரேன், வாங்கிக்கிறேன்."

லாரி போன பிறகும் டின்னோடு வாசலில் நின்றேன். எங்கள் ஆட்களில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். அதில் எதையாவது போட்டாக வேண்டும். எனக்கு முறுக்குச் சுற்ற வராது. சுற்றிய காலத்தில் மாவு குழாயைவிட்டு இறங்கவே மறுத்தது. அந்த வாரம் முழுவதும், வகுப்பில் நிற்கும்போதும் சமைக்கும்போதும், என்ன போடுவது என்ற ஒரே யோசனை. உருகுமா, உடையுமா, வழியில் கெடுமா. ஊருக்கே சொல்லிக்கொடுத்த கேள்விகள் முதல் தடவையாக என்னிடம் வந்து பதிலுக்கு நின்றன.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பீடோர்வரை போனேன். சாலையோரக் கடையில் கொய்யா வாங்கினேன், கெட்டியாகப் பார்த்து, ஒவ்வொன்றாக அமுக்கி. டின்னில் அடுக்கி, ஆடாமல் இருக்க இடைவெளியில் காகிதம் வைத்தேன். மூடியை அழுத்தும்போதுதான் நினைவு வந்தது: லாரி ஈப்போவுக்குப் பீடோர் வழியாகத்தான் போகும்.

சிரிப்பாள். புவியியல் டீச்சர், போற வழியில கிடைக்கிறதையே வாங்கி அனுப்பியிருக்காங்க பாரு லா என்று ஊரெல்லாம் சொல்வாள். சொல்லட்டும்.