பஸ் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்

நள்ளிரவு முதல் பஸ் ஊழியர்கள் ஸ்ட்ரைக் செய்யக்கூடும் என்று வானொலியில் சொன்னதும் ஊரே புலம்பியது. எனக்கு மட்டும் மனம் குளிர்ந்தது. அவர்களுடைய கோரிக்கை என்னவென்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. நியாயமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

லக்கலவில் ஒரு சிங்களப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மாத்தளையிலிருந்து ஐந்தரைக்குப் புறப்படும் பஸ்ஸை விட்டால், முதல் மணிக்கு அங்கே போய்ச் சேர வேறு வழியில்லை. ஆறு வருடமாக அந்த பஸ் சொல்கிறபடிதான் எழும்புகிறேன், சமைக்கிறேன், தூங்குகிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகளுடைய பாடசாலையில் கலைவிழா. மூன்றாந்தரத்தில் படிக்கும் பிள்ளைகளின் நடனத்தில் அவளும் இருந்தாள். கணவர் கட்டாரில். போன வருடம், எங்களோடு இருக்கும் நாத்தனார் போனில் எடுத்த வீடியோவைத்தான் நான் பார்த்தேன். அதிலும் பாதி, முன்னால் இருந்தவரின் தலை. இந்த முறை லீவு கேட்டேன். மகளுக்கு டெங்கு வந்தபோதே லீவெல்லாம் தீர்ந்துவிட்டது என்றார் எங்கள் பாடசாலை அதிபர். இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கும் நேரத்தில் வரவு குறைந்தால் எனக்குத்தான் நட்டம் என்று அக்கறையோடும் சொன்னார். அந்த அக்கறை என் வாயை அடைத்துவிட்டது. ஆனால் பஸ்ஸே ஓடாவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

அவசரப்பட்டு மகளிடம் வாயை விட்டேன். நாளைக்கு பஸ் இல்லை, நானே உனக்குத் தலை பின்னி, மை தீட்டி, முன்வரிசையில் வந்து உட்காருவேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

நாலரைக்கு விழிப்பு வந்தது. பழக்கத்தில் கை போனைத் தேடியது. கடைசி நேரத்தில் பேச்சுவார்த்தை, வாபஸ் என்று எத்தனை தடவை பார்த்தாயிற்று. செய்தியைப் பார்த்தால்தானே தெரியும்? போனை அணைத்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் திணித்தேன். ஓர் ஆசிரியை செய்கிற வேலையா இது என்று வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு மகளை எழுப்பி, தலை பின்ன உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம் பின்னி முடிக்கும்போது ஹோர்ன் கேட்டது. பஸ் நிற்கும் ஹோல்ட் எங்கள் வீட்டுக்கு எதிரேதான். வழக்கமான ஆளைக் காணாவிட்டால் அந்த பஸ் விட்டுவிட்டுப் போகாது, நின்று ஹோர்ன் அடிக்கும். அந்த நல்ல மனசுக்கு மழை நாட்களில் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். அன்று டிரைவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். விளக்கை அணைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் கண்டக்டர் இறங்கி வந்து கேட்டைத் தட்டினார்.

"ஸ்ட்ரைக்கை நிப்பாட்டிட்டாங்க டீச்சர். ஒங்களுக்குத் தெரியாதுன்னுதான் ஹோர்ன் அடிச்சோம். மெதுவா வாங்க, நிக்கிறோம்."

ஜன்னலால் பார்த்தேன். பஸ்ஸுக்குள் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் இரண்டு பேர் எனக்காக இடம் பிடித்து வைத்துக்கொண்டு கையசைத்தார்கள். இனித் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. மகளின் முடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அழுகைதான் வந்தது.

அவள் தலையை மெல்ல இழுத்துக்கொண்டாள். பின்னாத பாதி முடி தோளில் கிடக்க, போய்க் கதவைத் திறந்தாள்.

"போயிராதீங்க அங்கிள். அம்மா இப்ப வந்துருவாங்க."