மோட்டாருக்குப் பதிலாக

காலை பத்தே முக்கால் மணி. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பெல்ட்டின் பித்தளைக் கொக்கி. அதற்கு மேலே வெள்ளைச் சட்டையின் இரண்டு பொத்தான்கள், பக்கத்தில் தொங்கிய ஒரு கை, அந்தக் கையில் கடிகாரம். அதைப் பார்த்துத்தான் மணி தெரிந்துகொண்டேன். ரோபோவின் மார்பில் வெட்டியிருந்த கம்பிவலைச் சன்னல் ஒரு பாடப்புத்தகத்தைவிடச் சிறியது. நான் ரோபோவுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

இடம், பூந்தமல்லியில் ஒரு பள்ளியின் கூடம். வட்டாரப் பள்ளிகளுக்கிடையே அறிவியல் போட்டி. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு. நாங்கள் ஆவடியிலிருந்து வந்திருந்தோம், டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். எங்கள் அறிவியல் ஆசிரியர் அந்த ஆண்டுதான் பள்ளியில் ரோபோ மன்றம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். போட்டி அணியில் நான்கு பேர். மூன்று பையன்கள், நான்.

ஒயரிங் என் வேலை. எங்கள் வீட்டில் பழைய ரேடியோக்களை அப்பா பிரித்துப் போட்டிருப்பார், நான் சால்டரிங் கற்றுக்கொண்டது அப்படித்தான். கையிலிருக்கும் சுவிட்ச் பெட்டியில் மூன்று பொத்தான்கள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், மூன்றாவது கையைத் தூக்க. பெட்டியிலிருந்து ஒரு நீண்ட ஒயர் ரோபோவுக்குப் போகும். உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, பேட்டரி, லாரி வைப்பர் மோட்டார்கள். இரண்டு வாரம் ரோபோ நன்றாக ஓடியது. போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் கியரில் பல் உடைந்து, மோட்டார் வெறுமனே சுற்றியது.

ஆசிரியர் கியரை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானே ஒயரிங் பண்ணே? எந்தப் பொத்தானுக்கு எது அசையணும்னு உனக்குத்தான் தெரியும். ஆளும் சின்னவ. உள்ள நின்னுடு."

மோட்டார்களைக் கழற்றி அந்த இடத்தில் மூன்று சின்ன பல்புகளைப் போடச் சொன்னார். அதையும் நானே செய்தேன். பொத்தானை அமுக்கினால் உள்ளே பல்பு எரியும். எது எரிகிறதோ அதற்கேற்றபடி நான் தள்ள வேண்டும், திரும்ப வேண்டும், கையைத் தூக்க வேண்டும்.

எனக்கு இருந்த கவலை வேறு. மே மாதம் கிண்டியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரு வாரம் எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சி. காட்சிப் பொருளின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்பவர்களில் ஒரே ஒருவரை நடுவர் அதற்குத் தேர்ந்தெடுப்பார். பத்தாம் வகுப்பு வந்ததும் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிடப்போவதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கிண்டிக்குப் போக எனக்கு இருந்தது அந்த ஒரு ஆண்டுதான். இதை ஆசிரியரிடம் சொன்னேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார்.

ரோபோவின் உடம்பு அணித் தலைவனின் அப்பா செய்து தந்தது. தொழிற்சாலையில் ஃபிட்டர், மதுரைக்காரர். தகரத்தை இரும்புச் சட்டத்தில் அடித்து, அடியில் சக்கரங்களுக்கு இரண்டு அச்சுக் கம்பிகளைக் குறுக்கே வெல்டிங் செய்திருந்தார். அந்த இடைவெளியில் கால்கள் நுழையும், உடம்பு நுழையாது. உள்ளே போகவும் வெளியே வரவும் முதுகுக் கதவு ஒன்றுதான் வழி. அதற்கு நான்கு போல்ட்.

கூடத்தில் என்னை உள்ளே விட்டு அவர்தான் கதவை மூடினார்.

"பயந்துக்கிறாத தாயி. குண்டு விழுந்தாலும் கழறாது."

கழலாதபடிதான் செய்திருந்தார். டாங்கி ஓடும்போது குலுக்கலில் போல்ட் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, போல்ட்டின் தலையில் துளை போட்டு, அதன் வழியாகக் கம்பியைக் கோத்து, அடுத்த போல்ட்டோடு இழுத்து முறுக்குவார்கள். லாக் வயர் என்று பெயர். கம்பியை வெட்டாமல் போல்ட்டைத் திருப்ப முடியாது. பத்தொன்பது வருடம் அதே வேலை பார்த்த கை, யாரும் கேட்காமலே எங்கள் தகரக் கதவுக்கும் அதைச் செய்தது. பிறகு மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று, கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு ஆவடி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

உள்ளே தகரம் சூடாகிக்கொண்டிருந்தது. பேட்டரியின் அமில வாசனை. ரோபோவின் தகரக் கைகளுக்குள் என் கையை மடக்க இடமில்லாததால் கண்ணில் விழுந்த வியர்வையைத் துடைக்க முடியவில்லை. வெளியே பிற பள்ளிப் பையன்கள் கூடிவிட்டார்கள்.

"டேய், உள்ள ஆள் கீதுடா."

"போடா, மிசினுடா அது."

"மிசினு இருமுமா? இப்போ இருமிச்சே!"

எங்கள் அணியில் ஒருவன் அண்ணனூர்க்காரன். நிலம் வைத்திருந்த பழைய ஊர்க் குடும்பம். அவன் பாய்ந்து வந்தான். "ஆயில் போடல, அதான் இருமுது. நவுரு மாமே, மேல ஏறிடப்போவுது." கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது. அவன் சன்னலருகே குனிந்தான். "இன்னாமே, உசுரோட கீறியா?"

"தண்ணி வேணும்."

"வலையில எப்டி ஊத்துறது? கம்முனு கெட, ஐயா வந்துகினு கீறாரு."

நடுவர் வந்தார். நான் பார்த்தது சாம்பல் நிறச் சட்டையும் ஒரு பேனாவும். இடது பல்பு எரிந்தது, திரும்பினேன். வலது எரிந்தது, திரும்பினேன். மூன்றாவது எரிந்ததும் வலது கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். கைத்தட்டல் கேட்டது.

"இடப்பக்கம் திரும்பும்போது எந்த மோட்டார் நிக்கும்?" என்று நடுவர் கேட்டார்.

"ரெண்டும் சார்" என்றான் அணித் தலைவன்.

"ரெண்டும் நின்னா எப்படிப்பா திரும்பும்?"

அணித் தலைவன் கையிலிருந்த சுவிட்ச் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"யார் ஒயரிங் பண்ணது?"

"நான்தான் சார்" என்றான் அணித் தலைவன்.

அதுவரை நான் பேசுவதாக இல்லை.

"இடது மோட்டார் நிக்கும் சார், வலது ஓடும்" என்றேன். தகரத்துக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சாம்பல் நிறச் சட்டை கீழே இறங்கியது. கண்ணாடி போட்ட ஒரு முகம் வலைக்கு நேரே வந்தது.

"யாரு உள்ள?"

"ஒன்பதாவது 'பி' சார்."

"மோட்டார் எங்க?"

"கியர்ல பல்லு உடைஞ்சிடுச்சு சார். மோட்டாருக்குப் பதிலா நான் இருக்கேன்."

பின்னால் பையன்கள் கூச்சல் போட்டார்கள். நடுவர் சிரிக்கவில்லை. ரிலேக்களை எப்படி இணைத்தேன் என்று கேட்டார், சொன்னேன். இன்னும் இரண்டு கேள்வி, அவற்றுக்கும் சொன்னேன். அவர் எழுந்தார். முகம் போய்ப் பேனா மட்டும் தெரிந்தது.

"சார், இது மெஷின் இல்ல, மார்க் போட முடியாது" என்று எங்கள் ஆசிரியரிடம் சொன்னார். "ஆனா அந்தப் பொண்ணு கிட்ட நான் பேசணும். சர்க்யூட்டைப் போர்டுல வரைஞ்சு காட்டட்டும். மேடைப் பக்கம் அனுப்புங்க. பன்னண்டு மணிக்கு நான் கிளம்பணும்."

ஸ்பானர் இருந்தது. நான்கு போல்ட்டும் அசையவில்லை. நகவெட்டியைப் போட்டார்கள், அது வளைந்தது. ஜாமெட்ரி பாக்ஸ் டிவைடரைக் கோத்து நெம்பினார்கள், முனை உடைந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் நடந்ததையெல்லாம் சத்தமாக மட்டும் கேட்டேன். அடியிலிருந்த இடைவெளி வழியாக நழுவி வரப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் அச்சுக் கம்பி தட்டியது.

"அப்பா கம்பியை ரெண்டு சுத்து சுத்திட்டாரு" என்றான் அணித் தலைவன். அழுகிற குரல்.

"உங்கப்பன் இன்னா, யுத்தத்துக்கா அனுப்புறாரு இவள?" என்று அண்ணனூர்க்காரன் கத்தினான். பிறகு அவன் ஓடும் சத்தம். டிரங்க் ரோட்டில் சைக்கிள் கடை இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கூடத்தில் கூட்டம் குறைந்தது. சன்னல் வழியே யார் கையாவது கடந்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றில் பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். அடுத்த கையில் கடிகாரம் இல்லை, வளையல். அதற்கடுத்ததில் பன்னிரண்டு தாண்டியிருந்தது. "சார் கிட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்க" என்று வலையில் வாயை வைத்துச் சொன்னேன். ஆசிரியர் போனார். திரும்பி வந்து வலைக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டார்.

பிளேயர் வந்தபோது கம்பி மூன்றே வெட்டில் போய்விட்டது. கதவு திறந்ததும் காற்று முதுகில் பட்டது. யூனிஃபார்ம் தாவணி உடம்போடு ஒட்டியிருந்தது. மேடைப் பக்கம் நடந்தேன். போர்டில் வேறு யாரோ வரைந்த படம் ஒன்று பாதி அழிந்திருந்தது. ஒரு பணியாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மே மாதம் கிண்டிக்குப் போனது, சூரிய அடுப்பு செய்திருந்த காட்டுப்பாக்கத்துப் பையன்.